சென்னையின் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் யார் பணம் தர வேண்டும்?

ஆலந்தூர்க் கணக்கர் (தொடக்கப் பதிவு)

நண்பர்களே, 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. 2024இல் சென்னையில் மேலும் 6 சதவீதம் ஏறியதும் அது மறுபடி மூண்டது. வரியை உயர்த்தியது சரி என்பதே என் நிலைப்பாடு. வெள்ளம் தேங்கக் கூடாது, நடக்கப் பாதை வேண்டும், குப்பை மலை கரைய வேண்டும், பேருந்து நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்கிற ஒரு நகரம் அதற்கான பணத்தில் பெரும்பகுதியைத் தானே திரட்ட வேண்டும். இதை மறுப்பவர்கள் தங்கள் காரணங்களை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2022க்கு முன் சென்னையில் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு நடந்தது 1998இல். இடையில் 24 ஆண்டுகள் போய்விட்டன. 2018இல் உயர்த்திய வரியையும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். அந்த 24 ஆண்டுகளுக்குள் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. 2019இல் குடிநீர்ப் பஞ்சம் வந்தது. வரியைக் கணக்கிடத் தெருவுக்குத் தெரு நிர்ணயித்திருக்கும் சதுர அடி மதிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2022இல் அது அசைந்ததற்குக்கூட, ஒன்றிய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு தன் மானியத்துக்கு விதித்த நிபந்தனைதான் முக்கியமான காரணம். பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும், 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதமும் உயர்ந்தது. கால் நூற்றாண்டாகத் தள்ளிப்போட்டதை ஒரே நாளில் ஏற்றினால் மக்களுக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்குக் காரணம் தள்ளிப்போட்டதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மக்கள் பணம் தர மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு எங்கள் ஊரைக் காட்டுவேன். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த 1990களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, நிரம்பினால் லாரி. ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன், அரசின் மானியம், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியார் முதலீடு ஆகியவற்றோடு, குழாய் பதிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கினார்கள். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் வாங்கினார்கள். என் தந்தை அந்த ரசீதை வீட்டுப் பத்திரத்தின் நகலோடு ஒரே உறையில் வைத்திருந்தார். ஐந்தாயிரம் என்பது அன்று அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். தவணையாகப் புரட்டிக் கட்டினார். எங்கள் தெருவில் குழாய் இறங்கிய நாளில், தன் பணம் அதற்குள் இருக்கிறது என்பதைப் போல, பள்ளத்தின் ஓரத்தில் மாலைவரை நின்றுகொண்டிருந்தார். தன் காசைப் போட்டவன்தான் வேலை எப்படி நடக்கிறது என்று நின்று பார்ப்பான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வடசென்னை வாசகி

ஐயா, உங்கள் தந்தையார் நின்ற இடத்தை மனக்கண்ணில் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த உதாரணம் நீங்கள் வைக்கிற வாதத்தைத் தாங்காது என்று நினைக்கிறேன்.

ஆலந்தூரில் 5,000 கட்டியவருக்குக் கிடைத்தது தன் வீட்டுக் கழிவறைக்கு ஓர் இணைப்பு. கட்டாதவருக்கு இணைப்பு இல்லை. பயன் யாருக்கு என்பதில் குழப்பமே எழவில்லை. வெள்ள வடிகால் அப்படிப்பட்டது அன்று. 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியபோது அங்கே நின்ற தண்ணீர் மணலியில் மட்டும் பெய்த மழையா? பூண்டியில் திறந்துவிட்ட உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வந்து ஊருக்குள் புகுந்தது. பூண்டி ஏரி நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. அந்த ஏரியின் மிச்சத்தைத் தாங்கும் ஊர், தன்னைக் காத்துக்கொள்ளும் வடிகாலுக்கும் கரைக்கும் தானே பணம் திரட்ட வேண்டும் என்று எந்த நியாயத்தில் சொல்வது? கொடுங்கையூரும் அப்படித்தான். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. இன்று சுமார் 640 கோடி ரூபாயில் அந்த மலையைச் சலித்துப் பிரிக்கிறார்கள். அந்தக் கடன் கொடுங்கையூருடையது ஆகாது. நகரம் முழுவதும் அதற்குக் கடன்பட்டிருக்கிறது.

அடுத்ததாக, இந்த நகரம் வரி கட்டாத நகரமா? இங்கே விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி போகிறது. வருமான வரி போகிறது. எரிபொருள் வரி போகிறது. பதிவுக் கட்டணம் போகிறது. இவ்வளவும் மாநகராட்சியைத் தாண்டி மேலே செல்கின்றன. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தைத் தமிழ்நாட்டின் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துப் பகிர்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குரியவை என்று 18 பணிகளை ஒரு பட்டியலில் வைத்தது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் ஒரு வாரியத்திடம், பேருந்து ஒரு கழகத்திடம், நிலப்பயன்பாட்டுத் திட்டம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம், மெட்ரோ ஒரு நிறுவனத்திடம் இருக்கின்றன. அதிகாரத்தை இப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பணத்தை மட்டும் நீயே திரட்டிக்கொள் என்று மாநகராட்சியிடம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மேலிருந்து வருவதை மானியம் என்று எழுதுகிறோம். அது இங்கிருந்து போன பணம். திரும்பி வர வேண்டிய பங்கு.

கடைசியாக வாடகைதாரர். 2022 உயர்வு வந்த அடுத்த மாதங்களில், நான் அறிந்த பல வீடுகளில் வாடகை ஏறியது. வரி ரசீது உரிமையாளர் பெயரில் வருகிறது. சுமை இரண்டு அறையில் குடியிருப்பவர் தோளுக்கு வந்துவிடுகிறது. உங்கள் கணக்கில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகராட்சிகளில் வேலை பார்த்தவன். கட்டுவதற்கு யார் பணம் தர வேண்டும் என்று இருவரும் விவாதிக்கிறீர்கள். கட்டியதை ஆண்டுதோறும் யார் சுத்தம் செய்வது, அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பதை இருவருமே தொடவில்லை. வெள்ளத்தின் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மழைநீர் வடிகாலைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாலையில் ஓடும் நீர் நேரடியாக வடிகாலுக்குள் இறங்குவதில்லை. ஓரத்தில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒன்றாக வண்டல் வடிகட்டித் தொட்டி இருக்கும். நீர் முதலில் அதற்குள் விழும். மணலும் குப்பையும் அடியில் தங்கும். மேல்நீர் மட்டும் வடிகாலுக்குப் போகும். இதுதான் வடிவமைப்பு. ஒரு கோடைக்குப் பிறகு அந்த மூடியைத் தூக்கினால் என்ன இருக்கும் என்பதை நான் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வீடு கட்டுபவர் தெருவில் கொட்டிய எம்-சாண்ட் கல்லாக இறுகிக் கிடக்கும். அதன் மேல் இளநீர் மட்டை, பால் உறை, கிழிந்த செருப்பு. பாதித் தொட்டிகளில் நீர் கறுப்பாக நிற்கும். எவரோ தன் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை இரவோடு இரவாக அதில் சேர்த்திருப்பார். அந்தத் தொட்டி அடைத்துவிட்டால் கீழே ஓடும் வடிகால் எத்தனை கோடியில் கட்டியதாக இருந்தாலும், முதல் அரைமணி நேர மழையில் சாலை குளமாகும். தொட்டியைத் தூர்வார இரண்டு ஆட்களும் ஒரு வண்டியும் அரை நாளும் போதும். அந்த அரை நாள் கூலி ஐப்பசிக்கு முன்பு ஒவ்வொரு தெருவுக்கும் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

சென்னையின் வடிகால்களுக்கு இப்போது பணம் வரும் வழியைப் பாருங்கள். கொசஸ்தலை வடிநிலத்துக்கு (மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் சேரும் பகுதிக்கு), அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களுக்கு, ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடன். மொத்தத் திட்டம் சுமார் 3,220 கோடி ரூபாய். கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி. இவை கான்கிரீட்டுக்கான பணம். கடன் கொடுப்பவர் இத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று அளந்து தவணையை விடுவிப்பார்; பத்தாவது ஆண்டில் அந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு மண் கிடக்கிறது என்பதற்கு அவரிடம் நிதி இருக்காது. கிலோமீட்டரை அளவுகோலாக வைத்தால் தேவையில்லாத இடத்திலும் வடிகால் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில், மழைநீர் தானாக நிலத்துக்குள் இறங்குகிறது, இங்கே வடிகால் போட்டால் நிலத்தடி நீர்தான் கெடும் என்று அங்கே குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். என் அனுபவத்தில் அவர்கள் சொன்னது சரி. மணலில் மழைநீரைக் குழாய்க்குள் பிடித்துக் கடலில் விடுவது, 2003இலேயே வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஒரு மாநிலம் செய்ய வேண்டிய வேலை அன்று.

வரியா, மானியமா என்று என்னைக் கேட்டால், பராமரிப்புக்கு வரி, கட்டுமானத்துக்கு மானியமும் கடனும் என்பேன். பராமரிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வர வேண்டிய செலவு. தவறாமல் வரும் பணத்தில்தான் அதைச் செய்ய முடியும்.

ஆலந்தூர்க் கணக்கர்

பொறியாளர் ஐயா சொன்ன பிரிவினையை மனமார ஏற்கிறேன். வாசகி அவர்களின் முதல் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பையும் வெள்ள வடிகாலையும் ஒரே தராசில் வைத்தது என் பிழை. பூண்டியின் உபரிநீருக்கு மணலி பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

ஆனால் மேலிருந்து வரும் பணத்தை அவர் பங்கு என்று சொல்வதற்கும், அது நடைமுறையில் வரும் விதத்துக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. பொலிவுறு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. நாட்டில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. ஒன்றிய அரசு ஒரு நகரத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி வீதம் ஐந்தாண்டு தரும். மாநிலமும் நகரமும் அதே அளவு போட வேண்டும். நகரங்கள் போட்டியிட்டு இடம் பிடிக்க வேண்டும் என்பதும், பணத்தை மாநகராட்சி நேரடியாகச் செலவிடாமல் தனி நிறுவனம் ஒன்று நடத்த வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். சென்னையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் முடியும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஐந்தாண்டுகளில், எந்தத் தெருவுக்கு எது வேண்டும் என்று நகரத்தின் பெயரால் முடிவெடுத்தது யார்? இந்தத் திட்டத்தில் உருவான, தியாகராய நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. அங்கே வயதானவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். அதே அகலத்தில், அதே நிழலோடு ஒரு நடைபாதை வியாசர்பாடிக்கும் வேண்டும் என்று சொல்ல, அன்று வியாசர்பாடியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் மாமன்றத்தில் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2014இலேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்குவது என்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படி ஏற்றவற்றில் அதுவே முதல். கொள்கை எழுத நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வரும் பணம் ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கு மட்டும் என்று முத்திரை குத்தி வரும்போது, 60 சதவீதம் என்பதை எதன் மேல் கணக்கிடுவது? கொடுப்பவர் கையில் முன்னுரிமையும் இருக்கும். அதனால்தான் நகரத்துக்குத் தன் கையில் பணம் வேண்டும் என்கிறேன்.

வாடகைதாரர் பற்றி: வரி ஏறாத 24 ஆண்டுகளிலும் வாடகை ஏறிக்கொண்டுதான் இருந்தது. வரியை ஒரு சாக்காகச் சொன்ன உரிமையாளர்கள் இருந்திருப்பார்கள். அதற்கு மருந்து வரியைக் குறைப்பதில் இல்லை. சிறு வீடுகளுக்கான விகிதத்தை இன்னும் தாழ்த்துவதில் இருக்கிறது.

பத்திரம் படிப்பவன்

நகராட்சிக் கடன் பத்திரங்களைத் தொழில்முறையில் ஆராய்கிறவன் என்ற முறையில் சில தகவல்களைச் சேர்க்கிறேன்.

சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. வட்டி 8 சதவீதத்தை ஒட்டியது. இதைப் பலர் புதிய வருவாய் என்று கொண்டாடினார்கள். பத்திரம் வருவாய் ஆகாது. அது நாளைய சொத்து வரியை இன்றே செலவழிப்பது. அகமதாபாத் 1998இல் அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டு நாட்டில் வழிகாட்டியது என்றால், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் தன் வசூலையும் கணக்கையும் அது சீர்செய்திருந்தது. நம் மாநிலமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2002இல், தனித்தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சிறு உள்ளாட்சிகளின் தேவைகளை ஒன்றுதிரட்டி, சுமார் 30 கோடிக்கு ஒரே பத்திரமாக வெளியிட்டது தமிழ்நாடு. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கட்டணம் உண்டு என்பதால் அதைத் திருப்பிச் செலுத்த ஒரு வழி இருந்தது. மழைநீர் வடிகாலுக்குக் கட்டணம் கிடையாது. அதற்காகக் கடன் வாங்கினால் சொத்து வரியிலிருந்துதான் அடைக்க வேண்டும். ஆகவே கணக்கரின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் சொத்து வரியை மட்டும் பேசுவது போதாது. தொழில் வரிக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை அரசியல் சட்டமே வைத்திருக்கிறது. அது 1988இல் வைக்கப்பட்டது. அன்று 2,500 ரூபாய் பலருக்கு ஒரு மாதச் சம்பளம். பழைய மகாபலிபுரம் சாலையில் மாதம் மூன்று லட்சம் வாங்குபவரும் இன்று அதே 2,500தான் கட்டுகிறார். உள்ளாட்சியின் கையில் இருக்கும் முக்கியமான வரிகளில் ஒன்று இப்படி உறைந்து கிடக்கிறது.

வடசென்னை வாசகி

கடைசிப் பத்தி என் வாதத்துக்குத்தான் உதவுகிறது, நண்பரே. உச்சவரம்பை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். அதுவரை வீட்டு வரியை ஏற்று என்றால், சம்பளத்தில் வசதி படைத்தவரைத் தொட முடியாமல் இரண்டு அறை வீட்டுக்காரரைத் தொடுகிறோம் என்றாகிறது.

நிலத்தைப் பற்றிப் பேசுவோம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் ஆகிறது. ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் தந்தது. இந்தப் பொதுப் பணத்தால் நிலையம் வரும் தெருவில் மனை விலை எப்படி ஏறுகிறது என்று தரகரைக் கேட்டால் சொல்வார். அந்த ஏற்றம் யாருடைய உழைப்பு? மனையை வாங்கி வைத்திருந்தவர் எதையும் கட்டவில்லை. மனை கைமாறும்போது 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம்தான் உள்ளாட்சிக்கு வருகிறது. கைமாறாமல் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் நகரத்துக்கு ஒன்றும் இல்லை. சதுர அடி மதிப்பை நகரம் முழுவதும் ஒரே சதவீதத்தில் ஏற்றுவதை விட்டுவிட்டு, பொதுப் பணத்தால் எந்தத் தெருவின் மதிப்பு ஏறியதோ அந்தத் தெருவில் ஏற்றுங்கள். காலி மனைக்கும் கடுமையாக ஏற்றுங்கள். அப்படி ஒரு வரி வந்தால் நானே முன்னின்று ஆதரிப்பேன். எண்ணூரிலும் அடையாற்றிலும் ஒரே 6 சதவீதம் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பேருந்தையும் விட்டுவிடாதீர்கள். 2025 ஜூன் இறுதியில் எங்கள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. படியேறத் திணறும் என் அம்மா முதல் முறையாக யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். ஏறியதும் திரும்பி, நடத்துநரைப் பார்க்காமல், தெருவில் நின்ற என்னைப் பார்த்தார். இந்தச் சேவைக்கு உலக வங்கியின் உதவி பின்னால் இருக்கிறது. இதை நகரமே திரட்டட்டும் என்று விட்டிருந்தால் அந்த நாள் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஆலந்தூர்க் கணக்கர்

தெருவின் மதிப்பு ஏறிய அளவுக்கு வரி என்பதை முழுதாக ஏற்கிறேன். அது என் கருத்தோடு முரண்படவில்லை. என் கருத்தைக் கூர்மையாக்குகிறது. அந்த வரியும் நகரம் தானே திரட்டும் பணம்தான் அல்லவா? எனவே ஒரு முன்மொழிவு வைக்கிறேன். இனி உயரும் சொத்து வரியில் நான்கில் ஒரு பங்கை, வசூலான வார்டிலேயே, வடிகால் தூர்வாரவும் நடைபாதை பழுதுபார்க்கவும் விட்டுவிடலாம். தன் பணம் தன் தெருவில் செலவாவதைக் கண்ணால் பார்த்தால் மக்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள்.

வடசென்னை வாசகி

இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. அதிகம் வசூலாகும் வார்டு தன் நடைபாதையைக் கிரானைட்டில் போடும். குறைவாக வசூலாகும் கொடுங்கையூர் தொட்டி தூர்வாரக் காசில்லாமல் நிற்கும். மழை வரும்போது யாருக்குத் தூர்வாருதல் அதிகம் தேவை? தாழ்வான இடத்தில் இருப்பவருக்கு. தாழ்வான இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஏழை. வார்டுக்குள் பணத்தைப் பூட்டினால் நீரின் போக்குக்கு நேர் எதிராகப் பணம் போகும்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

இந்த இடத்தில் வாசகி அம்மா சொல்வதே சரி. வடிகாலுக்கு வார்டு எல்லை தெரியாது; வடிநிலம்தான் தெரியும். மேல்வார்டில் தூர்வாராத மண் கீழ்வார்டில் போய்ச் சேரும். பணத்தை வசூலான தொகையின் விகிதத்தில் பிரிக்காமல், வடிகாலின் நீளத்தையும் அந்த இடத்தின் தாழ்வையும் கணக்கிட்டுப் பிரிக்கலாம். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் நீர் தேங்கிய தெருவுக்கு இன்னும் இவ்வளவு என்று ஒரு சூத்திரம் எழுதுவது கடினமான வேலை இல்லை. கணக்கர் ஐயா விரும்புகிற ‘கண்ணால் பார்ப்பதையும்’ கைவிட வேண்டியதில்லை. எந்தத் தெருவின் தொட்டி எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது, எத்தனை கன மீட்டர் வண்டல் எடுக்கப்பட்டது, அது எங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டது என்று தெருமுனையில் ஒரு பலகை வைத்தால் போதும். எடுத்த வண்டலைத் தொட்டியின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவதுதான் இந்த வேலையின் பழைய நோய். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே இறங்கிவிடும்.

பத்திரம் படிப்பவன்

இந்தச் சூத்திரத்துக்கு நானும் உடன்படுகிறேன். ஒரே ஒரு திருத்தம். பராமரிப்புக்கான தொகையைச் சொத்து வரி வசூலிலிருந்து, கடன் தவணைக்குப் போவதற்கு முன்பாகவே தனிக் கணக்கில் எடுத்துவைக்க வேண்டும். பத்திரதாரருக்கு முதல் உரிமை, மிஞ்சியதில் தூர்வாருதல் என்று போனால், வசூல் குறைந்த ஆண்டில் வெட்டு விழுவது தூர்வாருதலில்தான். இதைச் சொன்னால் என் தொழில்காரர்கள் சிலர் வருந்துவார்கள். ஆனால் பராமரிக்காத வடிகாலை நம்பி எழுதிய பத்திரம் அவர்களுக்கும் நல்ல முதலீடு ஆகாது.

ஆலந்தூர்க் கணக்கர்

வார்டுக்குள் பூட்டும் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வசூலான பணத்தின் வழி வேறு, தண்ணீரின் வழி வேறு என்பதை இன்று இங்கே கற்றுக்கொண்டேன். ஆண்டுதோறும் வரி சிறிது ஏற வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறேன். 24 ஆண்டுகள் நிறுத்திவைத்து மீண்டும் 150 சதவீதம் ஏற்றும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

வடசென்னை வாசகி

அந்த ஆண்டு உயர்வை, 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளை விட்டுவிட்டுச் செய்தால் நாம் மேலும் பேசலாம். அதுவரை என் எதிர்ப்பு நிற்கிறது. ஒன்றிய, மாநில அரசுகள் தர வேண்டிய பங்கைப் பற்றி நான் எழுதியதிலும் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் பகுதி சபைக்கு 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, கூட்டங்கள் நடந்தன. அடுத்த பகுதி சபைக்கு இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் வார்டில் மழைநீர் வடிகால் மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? இந்த ஆண்டு அதைத் தூர்வார ஒதுக்கிய தொகை கிலோமீட்டருக்கு எவ்வளவு? பொறியாளர் ஐயா, தொட்டிகளின் எண்ணிக்கையை எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்று நீங்கள் எழுதித் தந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். கணக்கர் ஐயாவும் ஆலந்தூரில் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு, கிடைத்த எண்களை இங்கே பதிவு செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.